பன்னிரண்டாம் நம்பர் அறையில் குளித்தவள்

பெருமாயிக்கு எச்சில், சளி எதுவும் அருவருப்பில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் பதினோரு வருடம் அறை துடைத்தவளுக்கு அதெல்லாம் பார்த்தால் கட்டுப்படியாகாது. சித்தையன்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். புருஷன் போன பிறகு மூத்த மகளைக் கட்டிக்கொடுத்ததும் இந்தச் சம்பளம்தான், சின்னவளின் நர்சிங் படிப்பு ஓடுவதும் இதை நம்பித்தான்.

குமட்டல் வந்தது படங்கள் வந்த பிறகு. முதலாளி இருதயநாதனின் மகள் ஓவியம் படித்தவள். நூற்று முப்பது வருடத்துக்கு முன் பிரான்சில் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படங்களின் நகல்களை லேமினேட் செய்து அறைக்கு ஒன்றாக மாட்டிவிட்டுப் போனாள். எல்லாம் துணியில்லாத பெண்கள். பன்னிரண்டாம் நம்பர் படத்தில் இருந்தவள் தொட்டியோரம் குனிந்து குளித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் பெருமாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் நின்று பார்த்தாள். நாள் முழுக்க உழைத்துவிட்டுக் குளிக்கிறவளின் முதுகு அது. யாரையும் கூப்பிடுகிற முதுகு அல்ல.

தங்க வந்த ஆம்பளைகளுக்கு அது எங்கே தெரிந்தது? படத்தின் மேல் வெற்றிலை எச்சில், சிகரெட் சூடு, பேனாக் கிறுக்கல். தூ, இதெல்லாம் ஒரு பிறவியா! அவள் தினமும் சோப்புத் தண்ணீரில் துடைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை அந்த முதுகில் கறுப்பு மையில் எழுதியிருந்தது: 'பெருமாயி. ரூம் 12. கூப்பிட்டா வருவா.'

எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அப்போதுதான் '12'-இல் வாலைச் சுழித்திருந்த அந்த '2' கண்ணில் பட்டது. சலவைக்குப் போகும் விரிப்புகளின் மூலையில் இதே சுழியோடு அழியாத மையால் அறை நம்பர் எழுதுகிறவன் மேனேஜர் சோலைமுத்து. மை அவன் மேசைக்குள்தான் பூட்டியிருக்கும். "அக்கா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று அவள் தூக்குவாளியில் கைவிட்டுத் தொடுகறியை எடுத்துத் தின்றவன். உண்ட வீட்டுக்கு இரண்டகம்!

படத்தையும் பன்னிரண்டாம் நம்பர் விரிப்பையும் கொண்டுபோய் முதலாளி முன்னால் விரித்தாள்.

"மொதலாளி, ரெண்டும் ஒரே கை. நீங்களே பாருங்க."

பக்கத்தில் நின்ற சோலைமுத்து தரையைப் பார்த்தான். முதலாளி விரிப்பை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"விடு பெருமாயி, வெளையாட்டுக்குக் கிறுக்கியிருப்பான். இந்தப் படத்தாலதான் இம்புட்டும். இன்னைக்கே கழட்டிப்புடுவோம்."

"படத்துல இருக்கவ என்ன பண்ணுனா? குளிச்சுக்கிட்டு இருந்தா. எழுதுன கை இந்தா நிக்கிது!"

"அதுக்காக மேனேஜர அனுப்ப முடியுமா?"

சின்னவளின் முகம் அவள் கண்முன் வந்து போனது. ஆனாலும் சாவிக்கொத்தை மேசையில் போட்டாள். படத்தை விரிப்பால் சுற்றினாள்.

"அத எங்க கொண்டு போற?"

"இவ மேல என் பேரு கெடக்கு. இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்."

அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.