மகளின் ரத்தத்தில் என் ஆன்டிபாடி

சைகோனில் தட்டம்மை பரவிய அந்த மழைக்காலத்தில் என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. பூ மி ஹங் பகுதியில் எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் பார்க்கிற அம்மாக்களுக்கெல்லாம் ஒரே பேச்சுதான். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய ஊசியை இப்போதே போடுகிறார்களாம், உன் குழந்தைக்குப் போட்டாயிற்றா?

நானும் போட்டேன். மகள் கொஞ்சம் அழுதாள். பிறகு டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்துக் கடிக்கப் பார்த்தாள். மற்றவர்கள் ஊசி போட்டதோடு கவலையை விட்டார்கள். என்னால் முடியவில்லை. என் வேலை அப்படி.

நகரின் சோலோன் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வைரஸ் நோய்களைப் பற்றிய வேலையில் இருந்தேன். வைரஸ் உடம்புக்குள் வந்தால் பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு பெருகும். அவற்றில் சில, ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் சுரந்து கொட்டும். அது வைரஸைப் பிடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆன்டிபாடி பி செல்களையும் அடக்கும் என்பதைத்தான் நாங்கள் எலிகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வைரஸைப் போர்த்தி மறைத்துவிடும். பி செல்லின் பிரேக்கையும் அழுத்தும். வெளியிலிருந்து ஆன்டிபாடியை ஏற்றிய எலிகளுக்கு வைரஸைக் கொடுத்தால், அவற்றின் சொந்த பி செல்கள் அசையக்கூட மாட்டா.

என் மகளும் அந்த எலிகளைப் போலத்தான். ஊசியில் இருப்பதும் பலவீனமாக்கிய வைரஸ்தான். கருவில் இருக்கும்போது என்னிடமிருந்து வாங்கிய ஆன்டிபாடி அவள் ரத்தத்தில் இன்னும் இருக்கலாம். இருந்தால் ஊசி வீண்.

காரைக்காலில் இருந்த உம்மாவுக்குப் போன் போட்டு, எனக்குச் சின்ன வயதில் தட்டம்மை வந்ததா என்று கேட்டேன்.

"மணல்வாரியா? பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்கு முன்னால ஒடம்பெல்லாம் செவந்துபோய்க் கெடந்தியேம்மா. மறந்துபோச்சா?"

நான் மனசுக்குள் மாதங்களை எண்ணத் தொடங்கினேன். நோய் வந்து தேறிய தாயின் ஆன்டிபாடி, ஊசி மட்டும் போட்டுக்கொண்ட தாயினுடையதைவிடக் குழந்தையிடம் அதிக நாள் நிற்கும்.

"அதுக்கு ஏம்மா சத்தத்தையே காணோம்?" என்றார் உம்மா.

ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, எதிர்வீட்டுக் கொரியப் பெண் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. முகக்கவசத்தோடு தள்ளி நின்றே, தன் மகனுக்குத் தட்டம்மை என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். முந்தின நாள்தான் கீழே விளையாட்டு அறையில் அவன் என் மகளின் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சியிருந்தான். "மன்னித்துவிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

என் கணவருக்குக் கட்டடம் கட்டுகிற வேலை. எதையும் கணக்காகப் பார்ப்பவர்.

"ரெண்டுல ஒண்ணு இருக்குமில்ல? ஒன்னோட ஆன்டிபாடி இருந்தா அது காப்பாத்தும். இல்லாட்டி ஊசி வேலை செஞ்சிருக்கும். அப்புறம் என்ன பயம்?"

"நடுவுல ஒரு எடம் இருக்கு மச்சான். நோயத் தடுக்கப் பத்தாது, ஊசியக் கெடுக்க மட்டும் போதும். அந்த அளவுல வந்து நின்னா?"

அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்கக் கீழே இறக்கவே இல்லை.

அதன்பிறகு ஆய்வுக்கூடத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, தட்டம்மை முதலில் தெரிகிற இடங்களான அவள் கண்ணையும் காதின் பின்புறத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரமாகி, இனிமேல் வராது என்று நினைக்கத் தொடங்கிய வேளையில் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மருத்துவமனையில் எங்கள் வியட்நாமிய டாக்டரம்மா தொண்டையில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "பால் குடிக்கிறாளா? அப்படியென்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளி வந்தால் உடனே கொண்டுவாருங்கள்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வாய் மூடவில்லை, சட்டையைக் கழற்றிய கணவர் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு."

வயிறு முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா குழந்தையின் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "புள்ளி எப்போது வந்தது? காய்ச்சல் விட்ட பிறகா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்."

"முகத்தில் இல்லை, வயிற்றில்தான் தொடங்கியதா?"

"ஆமாம்."

அவர் சிரித்துவிட்டார். "தட்டம்மையாக இருந்தால் புள்ளி வரும்போது காய்ச்சல் ஏறும். கண் சிவந்து மூக்கு ஒழுகும். இது ரோசியோலா. இந்த வயதில் பாதிக் குழந்தைகளுக்கு வருகிற சாதாரண வைரஸ். தானே போய்விடும். தொண்டைச் சோதனை முடிவும் வந்துவிட்டது. தட்டம்மை இல்லை."

என் கணவர் அந்த இடத்திலேயே, நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் அழுதேன். மகள் டாக்டரம்மாவின் டார்ச்சுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்தில் ஆளுக்கொரு ரொட்டியில் முட்டை வைத்து வாங்கித் தின்றோம். அவ்வளவு பசி.

அவளைக் காத்தது எது, என்னுடைய ஆன்டிபாடியா, ஊசியா என்று இன்றுவரை தெரியாது. அந்த ஊசியைக் கணக்கில் வைக்காமல், ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் மறுபடி போட்டார்கள். அப்புறம் ஒருநாள் ரத்தத்தைச் சோதித்தபோது தட்டம்மைக்கான ஆன்டிபாடி நிறைய இருந்தது. என்னுடையது எப்போதோ கரைந்து போயிருக்கும். இது அவளே சுரந்தது. அன்று சாயங்காலம், மணல்வாரியில் கிடந்த என்னைப் பார்த்துத் தேற்றிய உம்மாவுக்குப் போன் போட்டேன்.

"புள்ளைக்கு என்னம்மா?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்ல உம்மா. சும்மாதான் பண்ணுனேன்."