சங்கரன்கோவிலில் பாங்காக் சாப்பாடு

ஓட்டல் சமையல்காரனுக்கு ஒரு வசதி உண்டு: சாப்பிட்டவர் முகத்தில் அவன் விழிக்க வேண்டியதில்லை, அதற்குத்தான் சப்ளையர் இருக்கிறார். ஆசையாக இலை முன்னால் உட்கார்ந்து ஏமாந்து எழுந்தவர்தானே நீங்களும்? அந்த ஏமாற்றத்தைச் செய்து அனுப்பிய ஆள் பேசுகிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பாங்காக்கில் ஒரு தமிழ் வியாபாரி வீட்டில் இரண்டு வருடம் சமைத்துவிட்டு ஊர் திரும்பினேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைவ ஓட்டலில் குழம்பு, கறி வைக்கும் சரக்கு மாஸ்டர் வேலை கிடைத்தது. பெண்ணும் பார்த்தார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் அப்பா தறி வைத்திருப்பவர், லேசில் பிடி கொடுக்காதவர். "ஒருநாள் உம்ம கையால சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்றைக்கு வருவார் என்று சொல்லவில்லை.

அவரை அசத்திவிட வேண்டும் என்று முதலாளியைக் கெஞ்சி, ஒரு வாரத்துக்கு 'மதியம் பாங்காக் சாப்பாடு' என்று போர்டு எழுத வைத்தேன். அந்தச் சமையலை நான் கற்றது, அங்கே பக்கத்துக் கடை அடுப்பை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத்தான். அதை முதலாளியிடம் சொல்லவில்லை.

எழுந்திருக்காதவர்கள்

முதல் நாள் வறுத்த சோறும் கடலை தூவிய காயும். பக்கத்துத் திருவேங்கடத்திலிருந்து சந்தைக்கு வந்த விவசாயச் சம்சாரிகள் இரண்டு பேர் வழித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தும் இலை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. ருசியில் மயங்கிவிட்டார்கள் என்று அடுப்படியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலில் ஆட்கள் காத்து நிற்கவே, என்ன வேண்டும் என்று கேட்கச் சப்ளையரை அனுப்பினேன். பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "தாளிச்ச சோறு நல்லாத்தான் இருந்துச்சு. இனி சாப்பாட்டக் கொண்டாரச் சொல்லும்."

புல்

மறுநாள் எலுமிச்சம்புல். குற்றாலத்திலிருந்து சொல்லி வரவழைத்தது. தண்டை நசுக்கிக் குழம்பில் போடுவது வாசத்துக்காக. சாப்பிடும்போது ஒதுக்கிவிட வேண்டும். இதை நான் சப்ளையரிடம் சொல்ல மறந்துவிட்டேன். இளையரசனேந்தலிலிருந்து வந்த ஆட்டுக்காரர் ஒருவர் ஒரே வாய்ச் சோற்றை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

மனசு கேட்காமல் நானே போய், "என்ன அண்ணாச்சி, சங்கடமா இருக்கா?" என்றேன். கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். கடைசியில் துப்பிவிட்டுச் சொன்னார்: "எங்க ஆடு இதை எப்பிடித்தான் முழுங்குதோ. இன்னைக்குத்தான் அதுக மேல ஒரு மதிப்பு வருது."

முதலாளி ருசி பார்த்தது

மூன்றாம் நாள் முதலாளி தாமே இலை போட்டு உட்கார்ந்தார். பாங்காக் குழம்பில் புளிப்போடு இனிப்பும் சேரும்; நான் தாராளமாகவே சேர்த்திருந்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "ஏலே, பாயசத்துக்கு வச்ச வெல்லத்தைப் பூராக் குழம்புல கொட்டிட்டயே, புளிய எடுத்துப் பாயசத்துல போட்டுட்டயா?"

அவர் வந்தார்

நான்காம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத் தேங்காய்ப்பால் குழம்பு. அதுவும் கொதி மிஞ்சிப் பால் திரிந்திருந்தது. வேறு வழியில்லை. நானே பரிமாறினேன்.

சாப்பிட ஆரம்பித்தார். பாதியில், "மோரு உண்டுமா?" என்றார். பாங்காக் சாப்பாட்டில் மோர் கிடையாது. கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். பொய் சொல்லி அவளைக் கட்டவும் மனசில்லை. "சரியா வரலை. பால் திரிஞ்சுபோச்சு. இது நான் முறையாப் படிச்சதும் இல்லை, எட்டிப் பாத்துக் கத்துக்கிட்டது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் குழம்பை விரலால் தொட்டு இன்னொரு தடவை நக்கிப் பார்த்தார். "தேங்காப்பாலு, இஞ்சி, காயி. இது நம்ம சொதில்லா வே?" என்றார். எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடும் சாப்பாடு சொதிதான். அந்த நினைப்பே எனக்கு அதுவரை வரவில்லை. அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது.

"சொதி நாங்க போட வேண்டியது, அதுவும் தாலி கட்டுன மறுநாள். நீரு முந்திக்கிட்டீரு. இனிக் கல்யாணத்த நடத்தாம விட்டா நல்லா இருக்காது, மாப்ளே."

திரிந்த குழம்பை வைத்துப் பெண் எடுத்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான், ஆனால் வீட்டில் சொதி வைக்கிற அன்றைக்கு அடுப்படிப் பக்கம் தலைகாட்ட எனக்கு இன்றுவரை அனுமதி கிடையாது.