தேங்காய் ஏற்றிய கார்

வளைகாப்பு முடிந்து, திருமங்கலத்திலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு என்னை அழைத்து வந்த அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

கார் என்னுடையது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லும்வரை நான்தான் ஓட்டினேன். அன்று சாவி தம்பியிடம். அம்மா சித்ரான்னம் நிரப்பிக் கொண்டுவந்த பாத்திரங்களை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாதென்று, மாமியார் ஒவ்வொன்றிலும் தேங்காயை அடுக்கினார். அதற்கு மேல் ஒரு மூட்டை அரிசி. முன்னால் அப்பா, பின்னால் அம்மாவும் சித்தியும், ஜன்னலோரம் நானும். முதல் வேகத்தடையிலேயே அடிவயிறு உரசியது, காருக்குத்தான்.

"வண்டி பின்னால உக்காந்துருச்சு, பாத்துப் போடா."

"ஒண்ணும் ஆகாதுக்கா."

கப்பலூரில் நான்கு வழிச்சாலையைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே லாரி எவ்வளவு தூரத்தில் வந்தால் கடக்கலாம் என்பதை என் பக்கத்தில் உட்கார்ந்தே தம்பி பழகியிருந்தான். ஆனால் அது நாங்கள் இருவர் மட்டும் போகும் காருக்கான கணக்கு.

திருப்பினான். மிதித்தான். இன்ஜின் அலறியது, கார் மட்டும் விருந்து சாப்பிட்டவர் எழுந்திருப்பதுபோல மெதுவாக நகர்ந்தது. லாரி ஹாரனை விடாமல் அடித்தபடி வந்தது.

"ஏசிய அமத்துடா! ஃபர்ஸ்ட் போடு!"

கத்திக்கொண்டே இல்லாத ஆக்சிலரேட்டரை நானும் மிதித்தேன். செத்தோம் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டேன். லாரியின் காற்று காரை உலுக்கிவிட்டுப் போனது.

ஓரத்தில் நிறுத்தியபோது என் கையில் வளையல்கள் சில உடைந்திருந்தன. அம்மா ஒன்றும் சொல்லாமல் துண்டுகளை முந்தானையில் பொறுக்கினாள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. வயிற்றில் அசைவே இல்லை.

"அசையுதா ஆத்தா?" என்றார் அப்பா. இல்லையென்று தலையாட்டினேன்.

தம்பி இறங்கி மூட்டையையும் பாத்திரங்களையும் இறக்கி வைத்தான். "நாங்க ஆட்டோல வாரோம். நீங்க ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று அப்பாவும் சித்தியும் அங்கேயே நின்றுகொண்டார்கள். கார் லேசாகி, பழையபடி இழுத்தது. நான் இன்னும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. திருப்பரங்குன்றம் மலை கண்ணில் பட்டபோது உள்ளங்கைக்கு அடியில் ஓர் உதை. வாய்விட்டு அழுதேன்.

"உதைச்சிருச்சும்மா" என்றேன்.

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திப் போனார்கள். ஒருவரும் அவனைக் கேலி செய்யவில்லை.