வாசலுக்கு வராத வண்டி

வண்டி வாங்கிய கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். குரலிலேயே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "சார், உங்க வண்டியில இன்னும் என்னென்ன மேம்பாடு இருந்தா நல்லாயிருக்கும்னு நினைக்கிறீங்க?" ஐம்பதைத் தாண்டிய என்னிடம் இதுவரை எல்லோரும் என்னுடைய மேம்பாட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். இன்னொன்றைத் திருத்தும் அதிகாரம் கைக்கு வந்தது அன்றுதான். செத்த நேரம் இருங்கம்மா என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வண்டியின் வரலாறு சுருக்கமானது. நாலுவழிச் சாலை எங்கள் தென்னந்தோப்பின் மேல் போனது. சாலைக்காகக் கிடைத்த நஷ்டஈட்டில், சாலையே இல்லாத இடத்தில் ஓடுகிற சொகுசு வண்டி ஒன்றை வாங்கினேன். இதிலுள்ள தத்துவத்தை என் மனைவி அன்றே விளக்கிவிட்டார், அச்சில் ஏற்ற முடியாத சொற்களில். மணல், பாறை, சேறு, பனி என்று திருகி வைக்க ஒரு குமிழ் இருக்கிறது. இடுப்பளவு ஆற்றில் இறங்கிக் கரையேறும் என்றார்கள். திண்டுக்கல் பக்கத்தில் வண்டி தயார், ஆறுதான் தயாரில்லை.

இதே வண்டியை வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. முழுநேரமும் குறைதான். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் குரல் பதிவு போடுவார்: "ஏனுங்க, கடைசி சீட்ட முழுசா மடக்கினாலும் தரை சமமா வரமாட்டேங்குதுங்க. தக்காளிப் பெட்டி ஒருபக்கமாச் சாயுதுங்க." அப்பா காலத்திலிருந்தே தோல் விற்கும் எங்கள் ஊர் வியாபாரிக்கு வேறு வருத்தம்: "இம்புட்டுக் காச வாங்கிட்டு இதப் போயி தோலுங்குறான். எங்க அத்தா தொட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே கடைய மூடியிருப்பாக." எனக்குத் தோலைப் பற்றிக் கருத்தில்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறையை மனைவி இன்னும் கழற்ற விடவில்லை.

சரி, நான் எதற்கு வாங்கினேன்? சாணார்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கைக்காக. அவளுடைய மூத்த பையன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். வாழைத்தாரோடும் தட்டுகளோடும் நான் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்துத் தங்கை கணவரின் அண்ணன், அவளுக்கு மூத்தார், பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "என்ன மாப்ள, தாருக்கும் டிக்கெட் எடுத்தீகளா, இல்ல மடியில வச்சுக் கூட்டியாந்தீகளா?" என்றார். பந்தல் சிரித்தது. நானும் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. அதன்பின் அந்த வீட்டில் என்ன விசேஷமானாலும் அவர் அந்தப் பஸ்ஸை எடுத்து ஒரு சுற்று ஓட்டாமல் விட்டதில்லை.

அதனால் இரண்டாவது பையனுக்குக் காதுகுத்து வைத்ததும் தங்கை போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணே, சீரு கூடக் கொறைய இருக்கட்டும். இந்தத் தடவ என் வாசல்ல வந்து கார்ல எறங்கு. அவுக வாய் அடையணும்."

சீரை ஏற்றினோம். தக்காளிப் பெட்டி சாய்ந்த இடத்தில் தாம்பாளமும் சாய்ந்தது. மண்டிக்காரர் சொன்னது உண்மைதான். தங்கை ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். மனைவி பூ மார்க்கெட்டில் சொல்லிக் கட்டிய ரோஜா மாலை, தூக்க இரண்டு பேர் வேண்டும். பூசாரி அதைப் பிள்ளையார் காலில் வைத்து எடுத்து, வண்டியின் மூக்கை மறைத்துக் கட்டி, குஞ்சத்தைக் கீழே தொங்கவிட்டார். மேளம் முழங்கியது. தெருவின் அந்தக் கோடியில் தங்கை வீட்டுப் பந்தல் தெரிந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

ஓரடி நகர்ந்து நின்றது. 'பீப் பீப்' என்று கத்தி, முன்னால் தடை இருக்கிறது என்று திரையில் சிவப்பாகக் காட்டியது. இறங்கிப் பார்த்தேன். தடை ஏதுமில்லை. மேளக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். படுத்திருந்த நாயை எழுப்பிவிட்டோம். தெருவில் கிடந்த கல்லைப் பொறுக்கினோம். குமிழைப் பாறைக்குத் திருகினேன், மணலுக்குத் திருகினேன், வெட்கத்தைவிட்டுப் பனிக்கும் திருகினேன். ஓரடி, பீப், நின்றது. ஊர் கூடிவிட்டது.

தங்கையின் மூத்தார் துண்டை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்ன மாப்ள, இதுக்குப் பஸ்ஸே தேவலையே? அதுவாச்சும் ஸ்டாப்பிங்லதான் நிக்கும்!"

போதும், நடந்தே போய்விடலாம் என்று கதவைத் திறந்தேன். அதற்குள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்கை ஓடி வந்துவிட்டாள்.

"எறங்காதண்ணே! எறங்கி நடந்தேன்னா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாக. அப்படியே பின்னால போயி உக்காரு."

"உக்காந்து?"

"பிள்ளைய இங்க கொண்டாரச் சொல்றேன். தாய்மாமன் மடியிலதான குத்தணும், மடி எங்க இருந்தா என்ன?"

மூத்தார் அலறினார். "அப்ப பந்தலு போட்டது எதுக்கு?"

"பந்தல்ல யாரு இருக்கா மச்சான், போயி எண்ணிட்டு வாங்க. ஊரு பூராம் இங்கதான நிக்குது."

உண்மைதான். வாடகை நாற்காலிகளும், அவர் படம் பெரிதாகவும் குழந்தை படம் சிறிதாகவும் போட்ட ஃபிளெக்ஸும் மட்டும்தான் அங்கே காத்திருந்தன.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மருமகன் என் மடிக்கு வந்தான். வந்ததும் சந்தனத்தை உட்கூரையில் தேய்த்தான். உறை சீட்டுக்குத்தான் போட்டிருந்தது, கூரைக்கு அல்ல. காது குத்த வந்த ஆசாரி ஏறப் பார்த்தார். படி கிடையாது. பாறை மேல் ஏறும் வண்டிக்குள் மனிதன் ஏற வழி வைக்கவில்லை. ஒரு வாடகை நாற்காலியைப் போட்டு ஏற்றினோம். அவர் ஊசியை எடுத்த நேரம், பையனின் கால் ஏதோ பொத்தானை மிதித்தது. என் சீட்டு குலுங்க ஆரம்பித்தது.

"ஐயா, ஆடாம இருங்கய்யா."

"நான் ஆடலங்க, சீட்டு ஆடுது."

"சாமி வந்திருச்சா?" என்றார் ஆசாரி, ஊசியோடு பின்வாங்கி.

முதுகு பிடித்துவிடும் வசதி அது. நிறுத்தும் பொத்தான் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. முன்சீட்டில் இருந்த மனைவி தட்டியதில் பாட்டு வந்தது, வைப்பர் ஓடியது, என் முதுகு மட்டும் பிடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஆசாரி துணிந்து, குலுக்கலுக்கும் குலுக்கலுக்கும் நடுவே ஒரு காதைக் குத்தினார், பிறகு மறு காதை. குலுங்கும் மாமனை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த பையன் அழ மறந்துவிட்டான்.

ஆசாரி இறங்கியதும் தங்கை என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். மேளம் அடங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே மூத்தார் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது, ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை. அவள் அதையே பார்த்தாள். "ஏசியக் கொஞ்சம் கூட வையி மதினி," என்று சாய்ந்துகொண்டாள்.

இதையெல்லாம் கம்பெனிப் பெண் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அன்னைக்கு வண்டிக்கு முன்னாடி சென்சார எதாவது மறைச்சிருந்ததா?"

"ஒண்ணுமில்லையேம்மா. மாலைதான்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நாயை எழுப்பினோம், கல்லைப் பொறுக்கினோம், மாலை ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் ஊரில் மாலை மரியாதை, அது எப்படித் தடையாகும்? ஆறு தாண்டும் வண்டி ரோஜாப்பூவைத் தாண்டாமல் நின்றிருக்கிறது.

"எழுதிக்கங்கம்மா," என்றேன். "சென்சாருக்குத் தள்ளி, மாலை போட ஒரு கொக்கி. ஆசாரி ஏற ஒரு படி. முதுகு பிடிக்கிறத நிறுத்த, கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு பொத்தான். கூரைக்கு ஒரு உறை."

"வாசல் வரைக்கும் போக முடியாததுக்கு மன்னிக்கணும் சார். அந்த மாதிரி மறுபடி ஆகாம..."

அவசரமாகத் தடுத்தேன். முந்தின நாள்தான் தங்கை பேசியிருந்தாள். மூத்தார் வீட்டில் இப்போது பஸ் ஓடுவதில்லையாம், ஊரே பந்தலை விட்டு வண்டியைச் சுற்றி நின்றதுதான் பேச்சாம். ஆவணியில் தங்கை வீட்டில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார்கள்.

"அதே வண்டியில வந்துரு அண்ணே," என்றாள். "ஆனா வாசல் வரைக்கும் வந்து தொலைச்சிராத."