கண்ணைத் தேடும் கேமரா

போடியில் மகாராணியின் கேமரா பழசாகிவிட்டது என்பது ஊரறிந்த விஷயம். அவளே பரப்பிய விஷயம்தான். சடங்கு வீட்டில் எடுத்த குடும்பப் படம் மங்கலாக வந்தால், "என்ன செய்யச் சொல்றீங்க மதினி, கேமரா தேஞ்சுபோச்சு, புதுசு வாங்கணும்" என்பாள். ஏலக்காய் வியாபாரி தன் சரக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முகம் சுளித்தாலும் அதே பதில்தான். கேமராவுக்கு வாயில்லை, எல்லாப் பழியையும் அது வாங்கிக்கொண்டது.

தேய்ந்தது கேமரா இல்லை. சர்க்கரை நோய் அவள் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. முதலில் வலது கண் கலங்கியது. இடது கண்ணை வைத்துப் பார்க்கப் பழகினாள். இப்போது இடதும் கலங்கல். ஆள் தெரியும், வெளிச்சம் தெரியும், யார் எங்கே நின்றால் படம் அமையும் என்பது யாரையும்விட நன்றாகத் தெரியும். எடுத்த படம் தெளிவாக விழுந்ததா இல்லையா என்பது மட்டும் தெரியாது. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் புருஷன் திருப்பதியிடமும் சொல்லவில்லை. கண்ணில் விடும் சொட்டுமருந்து தூசி உறுத்தலுக்கு என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பார்வை போன போட்டோக்காரியை எந்தக் கல்யாண வீட்டில் கூப்பிடுவார்கள்? அந்த ஊரில் பிறந்தது, சமைந்தது, தாலி கட்டியது, போய்ச் சேர்ந்தது எல்லாம் பல வருஷமாக அவள் கையால்தான் படமாயின. அந்தப் பெயர் போய்விட்டால் தனக்கு வேறென்ன மிச்சம் என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் நியாயமானதுதான்.

மதுரையில் கேமராக் கடை வைத்திருக்கும் பிரபு இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தான். லென்சு எல்லாம் அவளிடமே இருந்தன. கேமராவின் உடம்பு மட்டும்தான் புதிதாக வேண்டும்.

"நீங்க எல்லாமே எடுப்பீங்கள்லக்கா. இது இருட்டுல பிரமாதமா எடுக்கும், ஆனா ஆளத் தேடிப் பிடிக்கிறது சுமாராத்தான் இருக்கும். அது தானாவே கண்ணைக் கண்டுபிடிச்சு போகஸ் பண்ணிக்கும், ஆனா வெளிச்சம் கம்மியானா படம் புள்ளி புள்ளியா வந்துரும்."

மகாராணி இரண்டாவதைத் தூக்கி அவன் பக்கம் திருப்பினாள். திரையில் சின்னப் பச்சைக் கட்டம் ஒன்று துள்ளி அவன் கண்ணில் போய் உட்கார்ந்தது. அவன் திரும்பினான், கட்டமும் கூடவே திரும்பியது. இது இருந்தால் யாருக்கும் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம்.

"இத ரெண்டு நாள் குடு பிரபு. எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் மத்தியானம் ராசிங்காபுரத்திலிருந்து போன் வந்தது. அங்கே விவசாயம் பார்த்த வெள்ளைத்துரை என்ற சம்சாரி இறந்துபோயிருந்தார். "வெரசா வாங்கக்கா, அப்பாவத் தூக்குறதுக்கு முன்னாடி" என்று அவர் மகள் செல்லக்கிளி அழுதாள். திருப்பதி ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தெருமுனையில் நிறுத்திக் காத்திருந்தான்.

அந்தப் பக்கத்தில் பிணத்தை எடுக்குமுன் ஒரு படம் எடுப்பது வழக்கம். வெள்ளைத்துரையைக் குளிப்பாட்டி, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்து நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி அன்னக்கொடி, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டியாக இருவரும் உட்காரும் கடைசிப் படம் இது. சரியாக வரவில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்ல முடியாத படம்.

வெளியே மழை இருட்டு. பிளாஷ் அடித்தால் செத்தவர் முகம் மெழுகு பூசியதாகிவிடும் என்பதால் இழவு வீட்டில் மகாராணி அதைத் தொடுவதில்லை. கேமராவைத் தூக்கினாள். பச்சைக் கட்டம் வெள்ளைத்துரையைக் கண்டுகொள்ளவே இல்லை. மூடிய கண்ணும் கட்டிய தாடையும் அதற்கு மனித முகமாகவே படவில்லை போலிருக்கிறது. நேராக அன்னக்கொடியின் அழுத கண்ணில் போய் நின்றது. விரல் வைத்து அதை வெள்ளைத்துரையின் நெற்றிக் காசுக்கு நகர்த்தினாள். நின்றதா, மறுபடி ஓடிவிட்டதா, தெரியவில்லை. அமுக்கினாள். படம் விழுந்தது. யார் மேல் தெளிவாக விழுந்தது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் விளங்கவில்லை.

தூக்க நேரமாகி மேளக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "போதும்த்தா" என்று கேமராவை மூடியிருந்தால் அன்றைக்கு யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளால் முடியவில்லை. அன்னக்கொடியின் முன்னால் போய் மண்டியிட்டாள்.

"ஆத்தா, ஐயா முகம் இதுல தெளிவா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியல."

"என்ன தாயி தெரியல?"

"கண்ணு ஆத்தா. ரெண்டு கண்ணுலயும் பார்வ மங்கிப்போச்சு."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "என்னக்கா இது, இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று செல்லக்கிளி பதறினாள்.

"சும்மா இருடி. கொண்டா தாயி இங்க." அன்னக்கொடி குனிந்து திரையைப் பார்த்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன். அவருதான் கலங்கித் தெரியுறாரு."

கேமரா தானாகக் கண்ணைத் தேடுவதை மகாராணி நிறுத்திவிட்டு, கட்டத்தைக் காசின் மேலேயே இருத்தி எடுத்தாள்.

"இப்ப அவரு நல்லாருக்காரு. புருவத்துல மாடு முட்டுன தழும்புகூடத் தெரியுது. நான் கொஞ்சம் மங்கிட்டேன். இருக்கட்டும். நான் இன்னமும் இருக்கப்போறவதான், என்னய எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்."

"பூவோட எடுக்க முடியாதே ஆத்தா."

அன்னக்கொடி தலைப்பூவைத் தொட்டுப் பார்த்தாள். மகாராணி லென்சின் துளையைச் சுருக்கினாள். இருவரும் தெளிவாக விழ அது ஒன்றே வழி. போகும் வெளிச்சத்தை ஈடுகட்டக் கேமராவின் ஒளியுணர்வைக் கடைசிவரை ஏற்றி, மூச்சைப் பிடித்து அமுக்கினாள். திரையை நீட்டினாள். அன்னக்கொடி நெடுநேரம் பார்த்தாள்.

"மணல் தூவுன மாதிரி இருக்கு. ஆனா ரெண்டு பேருமே இருக்கோம்" என்றாள். பிறகு கேமராவைத் திருப்பித் தந்துவிட்டு, புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். மகாராணி தலை குனிந்து வெளியே வந்தாள்.

பொழுது சாய்வதற்குள் செய்தி போடிக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஜீப்பு கிளம்பியதும் பிரபுவுக்குப் போன் போட்டாள்.

"இருட்டுல நல்லா எடுக்கும்னியே, அத எடுத்து வையி பிரபு."

"அது கண்ணைத் தேடாதேக்கா?"

"தேட வேணாம். எனக்குக் கண்ணு சரியில்ல பிரபு. பக்கத்துல ஒரு ஆள வச்சுக்கிட்டுக் கேட்டுக் கேட்டு எடுத்துக்கிறேன். அதுக்கு ஒத்துக்கிறவங்க கூப்பிடட்டும்."

ஜீப்பு மெதுவாகி ஓரத்தில் நின்றது. அடுத்த சவாரிக்கு நேரமாகிறது என்று வரும்போது அவசரப்பட்டவன், எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"மகாராணி, இத எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு ஒரு எழவு வீடு வேண்டியிருந்துச்சா?" என்றான் திருப்பதி.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.