கமைஸின் ஒன்பது ஊசிக் கேபிள்

கெர்க்கென்னா தீவுத் துறைமுகத்தில் படகுகளுக்கான ரேடியோ அறை கமைஸின் பொறுப்பு. பக்கத்தில் ஐஸ் விற்கும் எனக்கு அவனை இருபது வருஷமாகத் தெரியும். வாய் ஓயாத ஆள். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்த ரேடியோவைக் கோக்க வழியில்லை என்று, யாரோ கழித்துப்போட்ட பழசு ஒன்றைத் தூக்கி வந்து, அதன் முதுகிலிருந்த ஒன்பது ஊசிச் செருகியில் தானே பற்றவைத்த கேபிளை மாட்டினான். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்பது தானாகத் திரையில் விழுந்தது. ஊரே மெச்சியது.

அதில் ஒரு சனியன் இருந்தது. கம்ப்யூட்டர் விழிக்கும்போது, கரண்ட் போய் வந்து தானாக விழித்தாலும் சரி, அந்தக் கேபிளில் மின்சாரம் பாயும். யாரோ பேச பட்டனை அமுக்கியதாக எண்ணி ரேடியோ வெறும் மௌனத்தை ஒலிபரப்பத் தொடங்கிவிடும். கமைஸ் வந்து புரோகிராமைத் திறக்கும்வரை விடாது. அதுவரை ரேடியோவுக்குக் காது கிடையாது. ஆகவே கிளம்பும்போது ரேடியோவை அணைத்துவிட வேண்டும். இதைச் சுவரில் எழுதி ஒட்டியவனே அவன்தான்.

ரமலான் கடைசி வாரம். கமைஸின் மனைவியுடைய தம்பி லஸ்ஹரின் படகு மட்டும் திரும்பவில்லை. கூடப் போயிருந்தவன் ஃபதூஹ், என் அக்கா மகன்.

"அணைச்சுட்டு வாடா, ஷோர்பா சூப் ஆறிடும்" என்றேன்.

"ஓடட்டும். பசங்க எங்க இருக்காங்கன்னு தெரியணும்ல? உனக்கு வயிறு ஒண்ணுதான் கவலை."

நோன்பு திறக்கும்போது கரண்ட் போனது, உடனே வந்தது. யாரும் சட்டை செய்யவில்லை. காபியும் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். ரேடியோவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. கமைஸ் கேபிளைப் பிடுங்கி எறிந்தான்.

"லஸ்ஹர்! டேய், பேசுடா!"

இரைச்சல்தான் வந்தது.

விடிந்ததும் மீன் பெட்டியைப் பிடித்தபடி மிதந்த லஸ்ஹரை மீட்டார்கள். ஃபதூஹ் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள், துக்க வீட்டில், எல்லார் முன்னாலும் கமைஸ் தானாக எழுந்து நடந்ததைச் சொன்னான். அவனை அடிக்கத்தான் எழுந்தேன். அதற்குள் லஸ்ஹர் பேசினான்.

"தண்ணி ஏறினதும் கூப்பிட்டேன் மச்சான். இரைச்சல் அப்படியே அடங்கியிருந்துச்சு. நீங்க பட்டனை அமுக்கிட்டீங்க, இதோ பேசப் போறீங்கன்னு காத்திருந்தோம். வேற சேனலுக்கு மாத்திப் பாக்கலாம்னு சொன்னேன். ஃபதூஹ்தான் விடல. 'இருடா, கமைஸ் அண்ணன் வந்துட்டாரு, குறுக்கப் பேசாதே'ன்னான்."