முன்கூட்டியே எழுதிய வாக்குமூலம்

தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும். எழுபதுகளின் கடைசி அது. கொத்தடிமை முறை ஒழிந்துவிட்டதாகச் சட்டம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. உங்கள் பக்கம் கொத்தடிமைகள் உண்டா என்று மாதா மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வரும். இல்லை என்று மாதா மாதம் நாங்களும் பதில் போடுவோம். யாரும் போய்ப் பார்த்ததில்லை.

மாசி மகத்துக்கு மூன்று நாள் இருக்கையில், மாகறல் பக்கத்து இருளர் ஒருவர் மனுவோடு வந்து நின்றார். அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் மகளும் மானாம்பதி தாண்டி ஓர் அரிசி மில்லில் நெல் அவிக்கிறவர்கள். எந்தக் காலத்திலோ வாங்கிய முன்பணத்துக்காக அங்கேயே கிடந்தார்கள். அந்த மகளைத் தன் மகனுக்குக் கட்ட இவர் நிச்சயம் செய்திருந்தார். மாசி மகத்தன்று இருளர்கள் எல்லோரும் மகாபலிபுரம் கடற்கரையில் கூடி, மணலில் படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். கல்யாணமும் அந்த மணலில்தான்.

"எல்லாரும் போவக்கூடாதாம் சாமி. ஒர்த்தர் போனா ஒர்த்தர் மில்லுல இருக்கணுமாம். இந்த வாட்டி பொண்ண வுட்டுட்டு நீங்க போங்கன்றாரு மொதலாளி. பொண்ண வுட்டுட்டுப் போனா, தாலிய யாருக்கு சாமி கட்றது?"

மறுநாளே விசாரணை என்றார் தாசில்தார். ஆட்கள் தயாராக இருக்கட்டும் என்று வழக்கம்போல ஊர்த் தலையாரியிடம் சொல்லி அனுப்பினோம். தயாரானவர் முதலாளிதான். நான் செய்தது அதைவிட மோசம். களத்து வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்குமூலமாக எழுத யார் கஷ்டப்படுவது என்று, முந்தின சாயங்காலமே கார்பன் தாள் வைத்து அத்தனையையும் எழுதிவிட்டேன். 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலை செய்து வருகிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.' பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். எல்லோரும் அதைத்தானே சொல்லப்போகிறார்கள் என்று ஒரு திமிர். அதற்கு ஆபீஸில் அனுபவம் என்று பெயர்.

நாங்கள் ஜீப்பில் போய் இறங்கியபோது களத்தில் மேசை நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். வேலையாட்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் கட்டியிருந்த புதுச் சேலைகளில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. தாசில்தார் முதலாளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்கள யாராவது புடிச்சி வெச்சிகீறாங்களா?" என்று தாசில்தார் கேட்டார்.

"இல்ல சாமி."

ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். நான் பெயரை நிரப்பி, மையில் கட்டைவிரலை அழுத்தி, தாளில் ஒற்றி எடுத்தேன். எட்டுப் பேர் முடிந்தது. மனு கொடுத்தவரின் அக்காக்காரி வந்தாள். மகளைக் காணோம். எங்கே என்று தாசில்தார் கேட்டதற்கு முதலாளி, "உள்ள வேலையா கீது சார்" என்றார். நான் அக்காக்காரியின் கையைப் பிடித்தேன். விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னா எழுதிகீற? படி."

படித்தேன்.

"நான் இன்னும் வாயே தொறக்கலியே சாமி. அதுக்குள்ள எப்டி எழுதன?"

தாசில்தார் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். மை காய்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். "எல்லாம் ஒரே விஷயம்தான்மா, ரேகை வை" என்றார். முதலாளி ஓரடி முன்னால் வந்தார். அவள் புருஷன் பயந்துபோய், "வெச்சிடு, வெச்சிடு" என்று அவளைக் கெஞ்சினான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, இல்லை, அது வெறும் வெட்கம்தான். அந்தத் தாளைக் குறுக்கே அடித்தேன். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, "நீ சொல்றத எழுதறேன், சொல்லு" என்றேன்.

"மொதல்ல எம் பொண்ணு வரட்டும். அத கண்ணால பாத்துட்டுதான் சொல்லுவேன்."

வரிசையில் சலசலப்பு. ரேகை வைத்துவிட்டுப் போன ஒரு கிழவர் திரும்பி வந்து, விரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "எனக்கும் படி சாமி" என்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முதலாளி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வேலை வேண்டாமா உங்களுக்கு என்று அவர் கத்த, கிழவர் என் மேசையை விட்டு நகராமல் நின்றார்.

தாசில்தார் எழுந்தார். "பொண்ணக் கூப்புடுய்யா" என்றார்.

முதலாளியின் ஆள் ஒருவன் மில்லை ஒட்டியிருந்த முதலாளி வீட்டுக்குப் பின்னால் போனான். களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இரும்புத் தாழ்ப்பாள், வெளிப்பக்கத்திலிருந்து இழுபடுகிறது. பத்தொன்பது வயதுப் பெண், பட்டப்பகலில் கண் கூசிக்கொண்டு வந்தாள். தாய் அவளை அணைத்துக்கொள்ளவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இப்ப எழுது" என்றாள்.

மூன்று மணி நேரம் எழுதினேன். தாசில்தார் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. அன்று அவர் அங்கேயே குடும்பத்துக்கு ஒன்றாக விடுதலை உத்தரவு எழுதி முத்திரை குத்தினார். முன்பணமும் ரத்து என்று அதில் இருந்தது.

முதலில் அக்காக்காரியும் புருஷனும் மகளும் துணி மூட்டையோடு மில் வாசல்வரை போனார்கள். அங்கே தாய் நின்றுவிட்டாள். நான் ஓடினேன்.

"சாமி, இந்தக் காயிதம் மாசி மகத்துக்கு மட்டுமா? அதுக்கப்பறம் திரும்பி வந்துடணுமா?"

"இல்லம்மா. வர வேணாம். எப்பவுமே."

"எப்பவும்னு இதுல எழுதிகீதா?"

எழுதியிருக்கவில்லை. விடுவிக்கப்பட்டார்கள் என்று மட்டும் இருந்தது. அது போதும் என்று அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். முந்தின நாளும் போதும் என்றுதானே நினைத்தேன்? முத்திரை குத்திய அரசாங்க உத்தரவில் குமாஸ்தா கை வைக்கக் கூடாது. பேனாவை எடுத்து, வரிகளின் இடுக்கில் 'எப்போதும்' என்று எழுதினேன். ஜீப் பக்கத்தில் நின்ற தாசில்தார் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படி" என்றாள்.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தேன். அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் வாசலைத் தாண்டினார்கள்.